பம்ப் மேல் குற்றமில்லை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பம்ப் தொழிலில் புதிய போக்குகள்'. நானும் சரி என்றுதான் சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. வேறு ஒரு விஷயம் இரண்டு வருஷத்துக்கும் மேலாக உள்ளே கிடக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், அதிலும் ஒரு பம்ப் வருகிறது. இதயம் என்கிற பம்ப்.

நான் 2010இல் இந்த வாசலை விட்டு வெளியே போனவன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர் வீட்டில், தோட்டத்தில் பம்ப் பழுதானால் காரணம் கண்டுபிடிக்கிற பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு புகார்ப் படிவம் உண்டு. அதில் முதல் கேள்வியே, "பழுதாவதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள்? எப்போது?" என்பதுதான். ஒயரை மாற்றினார்களா, கிணற்றில் மட்டம் இறங்கியதா, பைப் நீட்டினார்களா... இதைக் கேட்காமல் பம்பைக் கழற்றக் கூடாது என்று புதிதாக வரும் பையன்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நான் தலைகுனிய வேண்டிய இடம் வரும்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கம், அணைப்பட்டி போகிற வழியில். முப்பது சென்ட் மல்லிகை. விடிவதற்குள் பூவைப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆறு மணிக்கு அம்மா வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு பல வருஷமாக உண்டு. 2022 ஜனவரியில், பழைய மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்று டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். பழைய மருந்தின் பேர்தான், பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து மட்டும் கூடுதல். அந்த எழுத்தை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலை ஏழரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு அம்மா புது மாத்திரையைப் போட்டது. எட்டு மணிக்குக் குளிர் நடுக்கம், வாந்தி. எட்டே காலுக்கு மூச்சு இழுத்து வாங்குகிறது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஆக்சிஜன் 74. காரில் தூக்கிப் போட்டு மதுரைக்கு ஓடினார்கள். நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்க நுரையீரலும் பஞ்சு அப்பியது போல வெள்ளை. "நுரையீரல்ல நீர் கோர்த்திருக்கு. ஹார்ட் பம்ப் பண்ணல" என்றார்கள். நீர் பிரியும் ஊசி போட்டார்கள். ஏற்கெனவே 90இல் இருந்த ரத்த அழுத்தம் 70க்கு இறங்கிவிட்டது. பிறகு அவசரமாக சலைன் ஏற்றினார்கள். காலையில் தண்ணீரை இழுத்தார்கள், மத்தியானம் தண்ணீரை ஏற்றினார்கள். நான் கோவையிலிருந்து வந்து சேர்ந்தபோது இதுதான் நிலைமை.

சாயங்காலம் எக்கோ பார்த்தார்கள். இதயம் நன்றாக வேலை செய்கிறது! அப்படியானால் நிமோனியாவாக இருக்கும் என்று ஆன்டிபயாடிக் போட்டார்கள். மூன்றாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, "பூவுக்கு என்ன வெலை போகுது?" என்று கேட்டது. இவ்வளவு வெள்ளையான நுரையீரல் மூன்று நாளில் எப்படித் தெளிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிழைத்துவிட்டது, போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் அழுத்தம் குறைவாக இருந்ததால் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா போடவில்லை. அந்த அட்டை தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. மார்ச் மாதம் ஊருக்கு வந்த நர்ஸம்மா பார்த்துவிட்டு, "170 இருக்கு, மாத்திரையை விட்டுறாதீங்க" என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்பா எனக்குப் போன் பண்ணினார்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு நான் அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கு அந்த மாத்திரை ஒத்துக்கல தம்பி, வேணாம்" என்றது. படிக்காத பொம்பளை. ஆனால் அன்றைக்குச் சரியான நோய்க் காரணத்தைச் சொன்ன ஒரே ஆள் அதுதான். நான் படித்தவன் இல்லையா? திட்டினேன். "உனக்கு எல்லாம் தெரியுமா? இப்பவே என் காது கேக்கப் போடு" என்றேன். தண்ணீர் குடித்து விழுங்கிய சத்தம் வரை போனில் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

ஏழு பத்துக்கு அப்பா கூப்பிட்டார். பேச முடியவில்லை அவரால். பின்னால் அம்மா மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இந்தத் தடவை பக்கத்தில் இருந்த அரசு ஆஸ்பத்திரி. அன்றைக்குக் காலையில் எங்கள் வரப்பை ஒட்டிய தோட்டத்தில் மருந்து அடித்திருந்தார்கள். தெரியாத ஊர் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் இரண்டு. பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், ஆளுக்குக் கொடுப்பதும் மருந்துதான். பூ விளைகிற ஊரில் மூச்சுத் திணறி ஒருவர் வந்தால் டாக்டருக்கு முதல் சந்தேகம் பூச்சிமருந்து மேல்தான் போகும், போகவும் வேண்டும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் காற்றுக் குழாயில் இருக்கிற சுரப்பிகள் கட்டுக்கடங்காமல் சுரந்து, ஆள் தன் சுரப்பிலேயே மூழ்குவார். கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும். அதற்கு அட்ரோபின் என்று தனி மாற்று மருந்து இருக்கிறது.

டியூட்டியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். டார்ச் அடித்து அம்மாவின் கண்ணைப் பார்த்தார். பாவை சுருங்கவில்லை. எச்சில் வழியவில்லை. உடனே ஆக்சிஜனை மாட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, காலைல எந்திரிச்சதுலேர்ந்து இவங்க வாய்க்குள்ள என்னென்ன போச்சு? மணியோட சொல்லுங்க" என்றார்.

பார்த்தீர்களா? என் படிவத்தின் முதல் கேள்வி!

அப்பா தேநீர் என்றார், மாத்திரை என்றார். "போன தடவையும் இதே மாத்திரையா?" அப்பா யோசித்துவிட்டு, "ஆமா டாக்டரம்மா, அன்னைக்குத்தான் புதுசா ஆரம்பிச்சோம்" என்றார். அட்டையை வாங்கிப் பின்பக்கம் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். ஹைட்ரோகுளோரோதயசைடு. அந்த 'எச்' இதுதான். நீர் பிரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை, அதுவும் வெறும் 12.5 மில்லிகிராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் என்னிடம் சொன்னது அப்படியே மனசில் இருக்கிறது. "நிச்சயமாச் சொல்லணும்னா மறுபடி ஒரு தடவை கொடுத்துப் பாக்கணும் சார். அதை எந்த டாக்டரும் செய்ய மாட்டாங்க. உங்க வீட்ல அது தானாவே நடந்துபோச்சு."

தானாக நடக்கவில்லை. நான் நடத்தினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் இதைப் பற்றியே படித்தேன். எனக்குப் புரிந்த விதத்தில், பம்ப் பாஷையில் சொல்கிறேன். மருத்துவம் படித்த நண்பர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு வித்தியாசம். 'நெஞ்சில் நீர்' என்று ஊசி வைத்து எடுக்கிறார்களே, அது நுரையீரலைச் சுற்றி இருக்கிற உறைக்குள் சேரும் நீர். நான் சொல்வது நுரையீரலுக்கு உள்ளேயே, காற்றுப் பைகளுக்குள் நீர் புகுவது. அதை ஊசியால் உறிஞ்ச முடியாது. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள். ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கிற சுவரின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

அந்தச் சுவரைத் தள்ளுகிற அழுத்தம் எவ்வளவு தெரியுமா? நாம் கையில் பட்டை கட்டி 120 என்று பார்க்கிறோமே, அதைத் தண்ணீர் மட்டமாக மாற்றினால் 163 சென்டிமீட்டர், ஓர் ஆள் உயரம். நுரையீரலின் நுண்குழாயில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் பாதரசம்தான். தண்ணீரில் 11 சென்டிமீட்டர், அரை ஜாண். அது 18ஐத் தாண்டினால், அதாவது ஒரு ஜாண் ஆனால், நீர் கசிய ஆரம்பிக்கும். அரை ஜாணுக்கும் ஒரு ஜாணுக்கும் நடுவில்தான் நம் உயிர் இருக்கிறது! நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் யு குழாய் மானோமீட்டரில் பாதரசத்தைக் கொட்டிவிட்டுத் திட்டு வாங்கிய நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அன்றைக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் கொஞ்சம் கவனமாகப் பிடித்திருப்போம்.

நீர் வெளியே போகாமல் பிடித்து வைப்பது ரத்தத்தில் இருக்கிற புரதம். தண்ணீரில் போட்ட உலர்திராட்சை நீரை இழுத்து உப்புகிற மாதிரி, புரதம் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தள்ளுகிற அழுத்தம் ஒரு பக்கம், இழுக்கிற புரதம் மறுபக்கம். இந்தக் கணக்கை எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் 1896இல் எழுதினார்.

இப்போது எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வாருங்கள். வயலில் தேவையில்லாமல் தண்ணீர் நிற்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, கீழே மடை அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிரேறிக் கரைக்கு மேல் வழிவது. இன்னொன்று, வாய்க்காலில் மட்டம் சரியாகவே இருக்கும், ஆனால் கரையெல்லாம் நண்டு வளை. இதயம் சோர்ந்தால் வருவது முதல் வகை. பம்ப் இழுக்கவில்லை, தண்ணீர் பின்னால் தேங்கி நுரையீரலுக்குள் வழிகிறது. அங்கே நீர் பிரியும் ஊசி உயிர் காக்கும், மட்டத்தைக் குறைக்கிறது அல்லவா. அம்மாவுக்கு வந்தது இரண்டாவது. பம்ப் மேல் குற்றமில்லை. கரை ஓட்டையாகிவிட்டது. புரதமும் சேர்ந்தே வெளியே போய்விடுவதால் நீரை இழுத்துப் பிடிக்கவும் உள்ளே ஆள் இல்லை. ரத்தக் குழாயில் இருக்க வேண்டிய நீர் நுரையீரலில் கிடக்கிறது, அதனால்தான் ரத்த அழுத்தம் விழுகிறது. அந்த நேரத்தில் ஊசி போட்டு இன்னும் நீரை வெளியேற்றினால், வாய்க்கால்தான் வற்றும், வயல் வடியாது. ஆக்சிஜன் கொடுத்து, தேவையானால் மூச்சுக் கருவி வைத்து, காரணமான மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த மாத்திரை விஷயத்தில் பெரும்பாலும் சில நாளில் கரை தானே அடைபட்டுவிடும்.

நெஞ்சுப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. இதயச் சோர்வில் பெரும்பாலும் அழுத்தம் ஏறி இருக்கும், எக்கோவில் குறை தெரியும். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில், ஆள் நீலம் பாரித்துக் கிடக்கும்போது, பத்தில் எட்டு ஒன்பது டாக்டர் இதயத்தைத்தான் நினைப்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அடிக்கடி வருவது அதுதானே.

மருந்தால் நுரையீரலில் நீர் கோர்ப்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1880இலேயே மான்ட்ரியாலில் வில்லியம் ஓஸ்லர், மார்பின் அதிகமாகி இறந்தவரின் நுரையீரலில் இதைப் பார்த்து எழுதினார். ஹெராயின் போடுகிறவர்களுக்கு இன்றும் வருகிறது. (இங்கே இருக்கிற தம்பிகள் இதைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் உபதேசம் கிடையாது.) ஆஸ்பிரின் அளவு மீறினால் வரலாம், குறிப்பாக வயதானவர்களுக்கு. குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போடக் கொடுக்கிற டெர்பியூட்டலின் போன்ற மருந்துகள், சில புற்றுநோய் மருந்துகள், அபூர்வமாக ரத்தம் ஏற்றுவதுகூட இதைச் செய்யும். எல்லாவற்றுக்கும் வழி ஒன்றல்ல. எங்கள் வீட்டு மாத்திரைக்கு முதல் குறிப்பு அமெரிக்க மருத்துவ இதழில் 1968இல் வந்திருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்கப் பதிவானவை மிகச் சொற்பம். பெரும்பாலும் பெண்கள். மாத்திரை போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள். இதில் என்னை உட்கார வைத்தது என்னவென்றால், அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே கதை வருகிறது: முதல் தடவை யாரும் மாத்திரையைச் சந்தேகிக்கவில்லை, இரண்டாம் தடவை, சிலருக்கு மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. ஏதோ ஊரில் ஏதோ ஒரு மகன் அங்கேயும் போன் பண்ணியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு பக்கக் கதை. அம்மா வீட்டுக்கு வந்ததும் பூப் பறிக்கிற பெண்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் பார்த்தால் தெருவில் நாலு வீட்டில் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்! ஒரு மதினி அட்டையோடு அடுப்பில் போட்டுவிட்டது. நானும் அப்பாவும் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். இந்த மாத்திரை உலகம் முழுக்க அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கோடிக்கணக்கான பேர் போட்டுக்கொண்டிருப்பது. விலை குறைவு, பக்கவாதத்தைத் தடுக்கிறது. எத்தனையோ வருஷமாகப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறவர் அம்மாவின் கதையைக் கேட்டு நிறுத்தினால், அவருக்கு வரப்போவது நுரையீரல் நீர் அல்ல, வாய் கோணிக்கொள்வதுதான். மூன்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அடுப்பில் போட்ட மதினியை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போய் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே இந்த மண்டபத்தை விட்டுப் போய் யாரும் வீட்டில் மாத்திரையை நிறுத்த வேண்டாம், தயவுசெய்து.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2010இல் மத்திய அரசு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காசியாபாத்தில் இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. மருந்தால் வந்த கெடுதலை டாக்டர்தான் என்றில்லை, நோயாளியோ வீட்டாரோகூடத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. நான் தெரிவித்தேன். படிவத்தில் மருந்து தொடங்கிய தேதி, நின்ற தேதி, மறுபடி கொடுத்தபோது என்ன ஆயிற்று என்று கட்டம் இருந்தது. எங்கள் கம்பெனிப் படிவத்தின் அண்ணன் மாதிரி இருந்தது. 'மறுபடி கொடுத்தபோது' என்ற கட்டத்தை நிரப்பத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

அம்மாவுக்கு இப்போது வேறு வகை மாத்திரை. கொதிப்பு 130க்குள் நிற்கிறது. ஆகாத மருந்தின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரே மருந்து கடைக்குக் கடை வேறு வேறு பெயரில் வருகிறது, அதனால் கம்பெனிப் பெயரை எழுதிப் பயனில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். அம்மா அதைப் பூக்காசு வைக்கிற சுருக்குப் பைக்குள் வைத்திருக்கிறது. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட எடுத்து நீட்டியதாம்.

போன மாதம் நான் ஊருக்குப் போனபோது எனக்குத் தலைவலி. பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, "இது என்ன மாத்திரை? முன்ன போட்டிருக்கியா? மணி என்ன இப்ப?" என்று கேட்டது.

ஆறு ஐம்பது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.